ஏர் படாத மண்

அமெரிக்காவின் உயர்புல்வெளிகளில் நூற்றுக்கு நான்கு பங்குகூட இன்று இல்லை. மிச்சமிருப்பதை யார் காக்கிறார்கள், எப்படிக் காக்கிறார்கள், போய்ப் பார்க்க விரும்புவோர் என்ன செய்யலாம்?

இல்லினாய் மாநிலத்துக்கு அமெரிக்காவில் இன்னொரு பெயர் உண்டு: பிரெய்ரி மாநிலம், அதாவது புல்வெளி மாநிலம். ஐரோப்பியக் குடியேறிகள் வருவதற்கு முன் அங்கே 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் புல்வெளி இருந்தது. 1970-களில் மாநிலம் முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினார்கள். கெடாத, தரமான புல்வெளி என்று கணக்கில் ஏறியது சுமார் 2,300 ஏக்கர். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் பல, இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று சிதறிக் கிடந்த துண்டுகள்.

அந்தத் துண்டுகளில் பல எங்கே கிடைத்தன தெரியுமா? கல்லறைத் தோட்டங்களில்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வண்டி கட்டி வந்திறங்கிய குடும்பங்கள், காய்ச்சலிலும் பிள்ளைப்பேற்றிலும் இறந்தவர்களைப் புதைக்க ஊர்க்கோடியில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வேலி போட்டன. சுற்றிலும் இருந்த நிலமெல்லாம் உழவுக்குப் போனது. வேலிக்குள் மட்டும் ஏர் நுழையவில்லை. வெஸ்டன் கல்லறைத் தோட்டத்தில் 5 ஏக்கர், லோடாவில் மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகம், அயோவா மாநிலத்தின் ராசெஸ்டரில் 13 ஏக்கர் என்று ஆதிப் புல்வெளி தப்பித்தது இப்படித்தான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும். நடுவே, இறந்தவர்களின் காவலில், அந்த மண்ணின் பழைய குடிகளான புல்லும் பூவும்.

ரயில் பாதை ஓரங்களும் கைகொடுத்தன. தண்டவாளத்துக்கு இருபுறமும் கம்பெனி வேலி போட்டுவிட்டதால் உழவர்கள் அங்கே கை வைக்கவில்லை. நீராவி எஞ்சினிலிருந்து பறந்த தீப்பொறிகள் அவ்வப்போது புல்லைக் கொளுத்தின. அது நல்லதாகப் போயிற்று. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கல்லறைத் துண்டுகளின் அருமையை உணர்ந்து ஊர் ஊராகப் போனவர்களில் முக்கியமானவர், சிகாகோவில் உயிரியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் பெட்ஸ். எந்தக் கல்லறையில் என்ன செடி மிஞ்சியிருக்கிறது என்று பட்டியல் போட்டார், விதை சேகரித்தார். புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்தும்படி நிர்வாகிகளிடம் எடுத்துச் சொன்னார். அவர் சேர்த்த விதைகள் பின்னால் எங்கே போயின என்பது தனிக்கதை. அதற்கும் வருவோம்.

மண்ணுக்குக் கீழே ஒரு காடு

ஒரு காலத்தில் இந்த உயர்புல்வெளி கனடாவின் மானிடோபா தொட்டு டெக்சஸ் வரை, 17 கோடி ஏக்கரில் நீண்டு கிடந்தது. மேற்கே போகப் போக மழை குறைந்து புல்லும் குட்டையாகும். கிழக்குப் பகுதியில் மழை அதிகம் என்பதால் அங்கேதான் ஆளை மறைக்கும் புல். அதன் அரசன் பிக் புளூஸ்டெம். செப்டம்பரில் ஆறடி, எட்டடி உயரும். கதிர் மூன்றாகப் பிரிந்து நிற்பதால் ஊர்மக்கள் அதை வான்கோழிக் கால் என்கிறார்கள். கூடவே இந்தியன் கிராஸ், சுவிட்ச் கிராஸ், லிட்டில் புளூஸ்டெம். இவற்றின் இடையிடையே நூற்றுக்கணக்கான பூச்செடிகள்.

கண்ணுக்குத் தெரிவது குறைவு. பிக் புளூஸ்டெம்மின் வேர் எட்டு, பத்தடி இறங்கும். காம்பஸ் செடி என்று ஒன்று உண்டு. மஞ்சள் பூ, சொரசொரப்பான பெரிய இலை. நடுப்பகல் வெயிலின் சூடு முழுதும் தாக்காதபடி தன் இலைகளை வடக்கு தெற்காகத் திருப்பி நிற்கும். அதன் வேர் பதினைந்து அடிவரை போகும். ஒரே செடி பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். மழை பொய்த்தாலும் தீ வந்தாலும் மாடு மேய்ந்தாலும் மேலே உள்ளதுதான் போகும். மூலதனம் கீழே பத்திரமாக இருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த வேர்கள் மக்கி மக்கித்தான் அயோவாவின் கன்னங்கரேலென்ற மண் உண்டானது.

அந்த மண்ணே புல்வெளிக்கு எமனாயிற்று. முதலில் வந்தவர்களின் வார்ப்பிரும்புக் கலப்பையில் அந்தப் பிசுபிசுப்பு மண் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. 1837-ல் இல்லினாயின் கிராண்ட் டிடூரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஜான் டீர், உடைந்த ரம்பத்தின் எஃகுத் தகட்டை வளைத்துக் கலப்பை செய்தார். வழவழப்பான எஃகில் மண் ஒட்டவில்லை. கலப்பையில் பல ஜோடி எருதுகளைப் பூட்டி ஓட்டினார்கள். தடித்த வேர்கள் அறுபடும் சத்தம் துப்பாக்கி வெடிப்பதுபோல் கேட்டதாக அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஈர நிலங்களில் களிமண் குழாய் புதைத்துத் தண்ணீரை வடித்தார்கள். ஒரு மனிதரின் ஆயுளுக்குள் எல்லாம் முடிந்தது. முக்கால் பங்குக்கு மேல் பிரெய்ரியாக இருந்த அயோவாவில் இன்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசியோடு வந்தவர்கள் சோறு போடும் மண்ணைக் கண்டார்கள். ஆனால் ஒரு நாடு, தன் மிகப் பெரிய நிலப்பரப்புகளில் ஒன்றை, ஒரு மாதிரித் துண்டாவது ஒதுக்கி வைக்கலாம் என்ற நினைப்புக்கூட இல்லாமல் முழுசாகத் தின்று தீர்த்தது. மலைக்கும் அருவிக்கும் எரிமலைச் சுனைக்கும் 1872 முதலே தேசியப் பூங்கா தந்த நாடு அது. புல்லைப் பார்த்தால் மட்டும் யாருக்கும் காக்கத் தோன்றவில்லை.

கல் காத்த மலைகள்

கிழக்குக் கான்சஸில் மட்டும் கலப்பை தோற்றது. அங்கே மேல்மண் மெல்லியது. கீழே சுண்ணாம்புக் கல், அதற்குள் அடுக்கடுக்காகச் சக்கிமுக்கிக் கல். கலப்பைமுனை உடைந்ததே தவிர நிலம் இளகவில்லை. உழ முடியாதவர்கள் மாடு மேய்த்தார்கள். அதனால் பிளின்ட் ஹில்ஸ் என்ற அந்தக் குன்றுத் தொடரும், தெற்கே ஒக்லஹோமாவின் ஓசேஜ் மலைகளும் தப்பின. இன்று உலகில் எஞ்சியுள்ள உயர்புல்வெளியில் பெரும்பங்கு இங்கேதான்.

சமவெளி என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். மரமற்ற குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு போகும். பள்ளத்தில் மட்டும் ஓடையோரமாகக் கொஞ்சம் மரங்கள்.

ஏப்ரலில் அந்தக் குன்றுகள் எரியும். பக்கத்தில் நின்று பார்த்தால் அதில் உள்ள ஒழுங்கு புரியும். பண்ணைக்காரர் முதலில் காற்றைப் பார்க்கிறார். வேகம், திசை, ஈரப்பதம். கவுண்டி அலுவலகத்துக்கும் பக்கத்துப் பண்ணைகளுக்கும் போனில் சொல்கிறார். பிக்கப் வண்டியில் தண்ணீர் டாங்கும் பம்பும். கையில் டீசலும் பெட்ரோலும் கலந்த ஒரு கேன், அதன் மூக்கில் எரியும் திரி. சாய்த்தால் நெருப்பு சொட்டுச் சொட்டாக விழும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தக் கடைசி ஓரத்தில்தான் முதலில் வைப்பார்கள். அந்தத் தீ காற்றை எதிர்த்து, முழங்கால் உயரத்துக்கு, நிதானமாகப் பின்வாங்கி எரியும். அதன் பின்னால் கருகிய பட்டை ஒன்று அகலமாகிக்கொண்டே வரும். அது போதுமான அகலம் ஆனதும் பக்கவாட்டில் வைத்து, கடைசியில் காற்று வரும் பக்கத்தில் கொளுத்துகிறார்கள். இப்போது எழுவது வேறு தீ. ஆளுயரத்துக்கு மேல், இரைச்சலோடு ஓடி வந்து, முன்பே எரிந்த கருப்புப் பட்டையில் முட்டி அணைந்துவிடும்.

அந்தத் தீ ஓர் இடத்தில் நிற்பது சில நொடிகளே. ஒரு அங்குலத்துக்குக் கீழே மண் சூடேறுவதே இல்லை. புல்லின் குருத்து மண்ணோடு மண்ணாகவோ அதற்கும் கீழேயோ இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. மரக்கன்றின் மொட்டுகள் உயரே இருப்பதால் கருகிப்போகும். பழைய சருகு நீங்கி, கருத்த தரை வெயிலைக் குடித்துச் சூடாகிறது. இரண்டு வாரத்தில் பச்சை துளிர்க்கிறது. ரயில் எஞ்சினின் பொறி பாதை ஓரத்தில் செய்தது இந்த வேலையைத்தான்.

எரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? இதற்குப் பதில், மன்ஹாட்டன் என்ற கான்சஸ் ஊருக்குத் தெற்கே, கோன்சா பிரெய்ரியில் கண்கூடாகத் தெரியும். கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாயிட் ஹல்பர்ட் முயற்சியால் 1971-ல் தொடங்கப்பட்ட ஆய்வு நிலம் அது. 8,600 ஏக்கர். நிலத்தை ஓடைப் படுகைகளாகப் பிரித்து, ஒன்றை ஆண்டுதோறும், ஒன்றை இரண்டாண்டுக்கு ஒருமுறை, ஒன்றை நான்காண்டுக்கு ஒருமுறை, ஒன்றை இருபதாண்டுக்கு ஒருமுறை எரிக்கிறார்கள். ஆண்டுதோறும் எரிந்த படுகை புல்லாகவே இருக்கிறது. நீண்ட காலம் எரியாத படுகையில் டாக்வுட் புதரும் சுமாக்கும் சிவப்பு சீடர் மரமும் ஏறிக்கொண்டன. மழை பெய்யும் அதே வானத்தின் கீழ், அதே மண்ணில், ஒரு தலைமுறைக்குள் புல்வெளி புதர்க்காடாகிவிட்டது. அப்படி மாறியபின் ஒருமுறை தீ வைத்தால் போதாது. புதருக்கு அடியில் எரியப் புல்லே இருக்காது.

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். இந்த மண்ணை உழவும் கூடாது, அப்படியே விட்டுவிடவும் கூடாது. வேலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனால் காடு பிழைக்கலாம், பிரெய்ரி பிழைக்காது. அதற்கு மனிதக் கை வேண்டும்.

மேயும் வாயும் புரளும் உடம்பும்

அந்தக் கைக்குத் துணையாக ஒரு விலங்கும் இருந்தது. கோடிக்கணக்கில் திரிந்த பைசன்களை 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சில நூறாகச் சுட்டுத் தீர்த்தார்கள். கோன்சாவுக்கு 1987-ல் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுத் தரவுகளைத் தொகுத்து 2022-ல் வெளியான ஆய்வு, பைசன் மேய்ந்த இடங்களில் தாவர இனங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானதாகச் சொல்கிறது. மாடு மேய்ந்த இடங்களிலும் கூடியது, ஆனால் அவ்வளவு இல்லை.

காரணம் எளிது. பைசன் பெரும்பாலும் புல்லைத்தான் தின்னும். பூச்செடிகளை ஒதுக்கிவிடும். ஆதிக்கம் செய்யும் உயரப் புல் குறையும்போது, நிழலில் ஒடுங்கிக் கிடந்த மற்றவை எழும். ஒரு டன்வரை எடையுள்ள காளை, தரையில் புரண்டு புரண்டு குழி பறிக்கும். அந்தக் குழியில் மழைநீர் தேங்கி, சுற்றியுள்ள புல்லில் அரிதான சிறு செடிகள் அதில் முளைக்கும்.

தீயும் மேய்ச்சலும் சேர்ந்தால் நடப்பதை ஒக்லஹோமாவில் பார்க்கலாம். பாவ்ஹஸ்கா ஊருக்கு வடக்கே, ஒரு பழைய மாட்டுப் பண்ணையை 1989-ல் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு வாங்கியது. இன்று அது ஏறக்குறைய 40,000 ஏக்கர் காப்பகம், காக்கப்பட்ட உயர்புல்வெளிகளில் மிகப் பெரியது. 1993-ல் 300 பைசன்களை விட்டார்கள். இப்போது 2,000-க்கு மேல். அங்கே எல்லா நிலத்தையும் ஒரே ஆண்டில் எரிப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு பகுதி. எரிந்த இடத்தில் துளிர்க்கும் இளம்புல்லைத் தேடிப் பைசன்கள் தாமாகவே போகின்றன. மற்ற இடங்களில் புல் ஓய்வெடுத்து உயர்கிறது. அடுத்த ஆண்டு வேறு இடம். ஒரே நிலத்தில் கட்டாந்தரை, இளம்புல், முதிர்ந்த புதர்ப்புல் மூன்றும் இருக்கும்.

பிரெய்ரிக் கோழிக்கு இந்த மூன்றும் வேண்டும். மார்ச், ஏப்ரல் விடியலில் சேவல்கள் குட்டைப்புல் மேட்டில் கூடி, கழுத்தின் இருபுறமும் உள்ள ஆரஞ்சு நிறப் பைகளை ஊதி, காலைத் தடதடவென்று தட்டி ஆடும். காலி பாட்டிலின் வாயில் ஊதுவதுபோல ஒரு ஓசை எழும். அமைதியான காலையில் ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்கும். ஆட்டத்துக்குக் குட்டைப்புல் சரி. கோழி முட்டையிட்டு அடைகாக்க, சென்ற ஆண்டின் உயரப் புல் மறைவு வேண்டும். பிளின்ட் ஹில்ஸின் சில பகுதிகளில் எல்லாவற்றையும் ஆண்டுதோறும் எரிக்கும் பழக்கம் இருக்கிறது. மாடு சீக்கிரம் கொழுக்கும் என்பதற்காக. அந்த இடங்களில் கோழிக்கு ஒதுங்க இடமில்லை. வசந்தத்தில் சில ஆண்டுகளில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிவதால் புகை கான்சஸ் சிட்டி வரை போய் நகரத்தாரை மூச்சுமுட்ட வைக்கிறது. 2010-ல் மாநிலம் புகை மேலாண்மைத் திட்டம் கொண்டுவந்தது அதனால்தான். தீ வேண்டும், ஆனால் பகுதி பகுதியாக வேண்டும். பண்ணையாளர்கள் சிலர் இதை ஏற்று மாறிவருகிறார்கள். இன்னும் பலர் மாற வேண்டும்.

யாருடைய நிலம்?

தீ வைக்கும் கலையைப் பண்ணையாளர்கள் கண்டுபிடிக்கவில்லை. கா, ஓசேஜ் முதலான பழங்குடிகள் காலங்காலமாகச் செய்துவந்தது அது. பைசனை வரவழைக்க, பாதை திறக்க, செடிகளைத் தழைக்க வைக்க அவர்கள் எரித்தார்கள். கான்சஸ் மாநிலத்தின் பெயரே கா மக்களுடையது. 1873-ல் அவர்களைக் கவுன்சில் குரோவ் பகுதியிலிருந்து ஒக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள். அவர்கள் புனிதமாகக் கருதிய பெரிய செந்நிறப் பாறையைப் பெயர்த்து, 1929-ல் லாரன்ஸ் நகரத்தில் வெள்ளைக் குடியேறிகளுக்கு நினைவுச்சின்னமாக நட்டார்கள். அந்தப் பாறை 2024-ல்தான் கவுன்சில் குரோவ் அருகே கா மக்களுக்குச் சொந்தமான அலெகாவாஹோ நினைவுப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓசேஜ் மக்கள் 2016-ல் ஊடகத் தொழிலதிபர் டெட் டர்னரிடமிருந்து 43,000 ஏக்கர் பண்ணையைத் திரும்ப வாங்கினார்கள். தங்கள் பழைய நிலத்துக்கு அவர்களே விலை கொடுக்க நேர்ந்தது அநியாயம்தான். ஆனாலும் அங்கே இன்று அவர்களுடைய பைசன்கள் மேய்கின்றன.

இந்தப் புல்வெளிக்கு ஒரு தேசியப் பூங்கா அமைப்பதும் லேசாக நடக்கவில்லை. 1961 டிசம்பரில் பூங்காவுக்கு இடம் பார்க்க ஹெலிகாப்டரில் வந்திறங்கிய உள்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் உடாலை, அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் என் நிலத்தைவிட்டுப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். தலைமுறை தலைமுறையாக நிலத்தைக் கெடாமல் வைத்திருந்தது நாங்கள், வாஷிங்டன்காரர்கள் ஏன் பிடுங்க வேண்டும் என்பது பண்ணையாளர்களின் வாதம். அதில் நியாயம் இருந்தது. இழுபறி 35 ஆண்டு நீடித்தது. செனட்டர் நான்சி காசபாம் முன்னின்று 1996-ல் ஒரு சமரசச் சட்டம் வந்தது. சேஸ் கவுண்டியில் ஏறக்குறைய 11,000 ஏக்கர் டால்கிராஸ் பிரெய்ரி தேசியக் காப்பகம் ஆனது. ஆனால் அதில் அரசு 180 ஏக்கருக்கு மேல் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. மீதி நிலம் தனியார் அறக்கொடை அமைப்பின் கையில். 2005 முதல் அது நேச்சர் கன்சர்வன்சி. பராமரிப்பு தேசியப் பூங்காத் துறை.

இந்த ஏற்பாடு அரைகுறை என்று அப்போது பலர் வருந்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புல்வெளியைக் கையாளும் பட்டறிவு பண்ணையாளர்களிடம் இருக்கிறது. அவர்களை எதிரியாக்கிவிட்டு பிளின்ட் ஹில்ஸைக் காக்க முடியாது, ஏனெனில் கிட்டத்தட்ட எல்லாமே தனியார் நிலம். 2011-ல் மத்திய அரசு தொடங்கிய பிளின்ட் ஹில்ஸ் மரபுப் பாதுகாப்புப் பகுதியும் இந்த வழியில்தான் போகிறது. 11 லட்சம் ஏக்கர் வரை அதன் இலக்கு. பண்ணையாளர் நிலத்தை விற்பதில்லை. உழும் உரிமையையும் மனை போடும் உரிமையையும் மட்டும் பத்திரம் எழுதி விற்கிறார். பேரன் காலத்திலும் அந்தப் பத்திரம் செல்லும். மாடு மேயும், புல் நிற்கும்.

நட்டு வளர்க்க முடியாதா?

முடியும், ஓரளவு. முதல் முயற்சி விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில், மாடிசன் நகரில். 1934-ல் அல்டோ லியோபோல்டு போன்றோர் முன்னிற்க, பாழடைந்த பண்ணை நிலத்தில் பிரெய்ரியை மீட்கப் புறப்பட்டார்கள். பெருமந்தத்தில் வேலையிழந்த இளைஞர்கள் முகாம் போட்டு, வேறிடத்திலிருந்து மண்கட்டியோடு பெயர்த்த செடிகளைக் கொண்டுவந்து நட்டார்கள். 1940-களில் ஜான் கர்டிஸ் அங்கே சோதனை செய்துதான் தீயின் அவசியத்தை அறிவியலாக நிறுவினார். எண்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் கர்டிஸ் பிரெய்ரி அசலுக்கு ஈடாகிவிடவில்லை. மண்ணில் உள்ள பூஞ்சை, பூச்சி, வேர்வலை எல்லாம் விதை தூவி வந்துவிடுவதில்லை.

பெட்ஸ் சேர்த்த விதைகளில் ஒரு பகுதி போனது எதிர்பாராத இடத்துக்கு. சிகாகோவுக்கு மேற்கே பட்டேவியாவில் உள்ள ஃபெர்மிலேப் துகள் இயற்பியல் கூடம். அதன் முதல் இயக்குநர் ராபர்ட் வில்சன் 1969-லேயே அங்கு பைசன்களைக் கொண்டுவந்து வைத்தவர். 1970-களின் நடுவில் பெட்ஸ் அவரிடம் போய், துகள் முடுக்கி வளையத்தின் நடுவே பிரெய்ரி நட அனுமதி கேட்டார். இன்று ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் புல் நிற்கிறது. அரோரா பாலாஜி கோயிலுக்குப் போகிற தமிழ்க் குடும்பங்கள் பல. அங்கிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் இந்தப் பிரெய்ரி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? உள்ளே போக அடையாள அட்டை கேட்பார்கள். பார்வை நேரத்தை முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

சிகாகோவுக்குத் தெற்கே மிடேவின் இன்னொரு அதிசயம். இரண்டாம் உலகப் போரில் வெடிமருந்து செய்த ஜோலியட் ஆயுதத் தொழிற்சாலை நிலம் அது. 1942 ஜூனில் அங்கே நடந்த வெடிவிபத்தில் 48 தொழிலாளர்கள் இறந்தார்கள். 1996-ல் அதை வனத்துறையிடம் கொடுத்துப் புல்வெளியாக்கச் சொன்னார்கள். மண் மூடிய வெடிகுண்டுக் கிடங்குகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அந்த நிலத்தில் 2015 முதல் பைசன்கள் மேய்கின்றன.

ஆனால் மீட்டது அசலுக்கு மாற்றாகாது. இதை மறந்ததால் நேர்ந்த கொடுமை அண்மையில்தான் நடந்தது. இல்லினாயின் ராக்ஃபோர்டு விமான நிலைய நிலத்தில் பெல் பௌல் பிரெய்ரி என்ற துண்டு இருந்தது. பனிக்கட்டி உருகிய காலத்துச் சரளை மண்ணில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஏர் படாத புல்வெளி. சரக்கு முனைய விரிவாக்கத்துக்கு அங்கே சாலை வேண்டும் என்றார்கள். 2021-ல் அழிவின் விளிம்பில் உள்ள துருநிறப் பட்டை வண்டுத்தேனீ ஒன்று அங்கே கண்ணில் பட்டதால் வேலை நின்றது. மக்கள் மனு கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள், சாலையைக் கொஞ்சம் வளைத்துப் போடுங்கள் என்று கெஞ்சினார்கள். 2023 மார்ச்சில் புல்டோசர் ஏறியது. அதன் மிகச் சிறந்த பகுதியே ஐந்தாறு ஏக்கர்தான். அதைக்கூட விட்டுவைக்க மனம் வராத ஊரில், எத்தனை ஆயிரம் ஏக்கர் விதைத்தாலும் என்ன பயன் என்று அன்று பலர் அழுதார்கள். அந்த அழுகையில் எனக்கும் பங்குண்டு.

போகிறவர்களுக்கு

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் ஸ்ட்ராங் சிட்டிக்குப் பக்கத்தில் உள்ள தேசியக் காப்பகத்துக்குப் போங்கள். விச்சிட்டாவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. 1880-களில் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பண்ணை வீடும் மூன்றடுக்குத் தொழுவமும் வாசலிலேயே இருக்கின்றன. பலர் அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நாற்பது மைல் நடைபாதை இருக்கிறது. காற்றாலை மேய்ச்சல் நிலம் வழியாகப் போகும் பாதையில் பைசன்கள் குறுக்கே நிற்கக்கூடும். 2009-ல் விண்ட் கேவ் தேசியப் பூங்காவிலிருந்து வந்த 13 பைசன்களின் வம்சம் அவை. நூறு கஜத்துக்குள் நெருங்கக் கூடாது. சாதுவாகத் தெரியும், ஆனால் குதிரை வேகத்தில் ஓடும். அது நகரும்வரை காத்திருங்கள், அல்லது சுற்றிப் போங்கள்.

எப்போது போவது? மே, ஜூனில் பச்சையும் பூவும். செப்டம்பர் கடைசியில் புல் முழு உயரத்தில், செம்பு நிறத்தில். என்னைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்வேன். ஆனால் பறவை பார்ப்பவர்கள் ஏப்ரலை விட மாட்டார்கள். கோழியாட்டம் பார்க்க, விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மறைவிடத்துக்குள் போய் உட்கார்ந்து, கடைசிக் கோழி பறந்த பிறகுதான் வெளியே வர வேண்டும். நடுவில் எழுந்தால் அன்றைய ஆட்டம் கலைந்துவிடும்.

காரிலிருந்தே பார்த்தால் பிரெய்ரி வெறும் புல்லாகத்தான் தெரியும். இறங்கி, குனிந்து, ஒரு சதுர அடியை மட்டும் பாருங்கள். புல் தண்டுகளுக்கிடையே ஊதா அவரைப்பூ, ஆரஞ்சுப் பூங்கொத்து, அதில் வண்ணத்துப்பூச்சிப் புழு. ரீகல் பிரிட்டிலரி என்ற பெரிய ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் காட்டு வயலட் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. வயலட் போனால் அதுவும் போகும்.

புறப்படுமுன் காலணியின் அடியைத் தேய்த்துக் கழுவுங்கள். லெஸ்பெடீசா என்ற ஆசியச் செடி கான்சஸ் முழுக்கப் பரவிப் புல்லை மூச்சடைக்கிறது. புதிய விதை எதையும் நாம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், உண்ணி ஏறும். கோன்சாவில் நாயை அனுமதிப்பதில்லை. வேலிக்கு அப்பால் உள்ளது யாரோ ஒருவரின் பண்ணை. கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். கல்லறைப் பிரெய்ரிகளுக்குப் போனால், அது இன்னும் சிலருக்குக் கொள்ளுப்பாட்டன் உறங்கும் இடம் என்பது நினைவிருக்கட்டும்.

பார்வையாளராகப் போவதைவிட ஒருபடி மேலே போக வழியிருக்கிறது. இல்லினாயின் நச்சூசா புல்வெளியை 1986 முதல் மீட்டு வருவதில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. மிடேவினும் அப்படித்தான். இளவேனிலில் பூண்டு மணக்கும் அந்நியக் களையைப் பிடுங்குகிறார்கள். குளிர்காலத்தில் புதரை வெட்டிக் குவிக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் இடுப்பில் பை கட்டிக்கொண்டு வரிசையாக நடந்து, முதிர்ந்த கதிரைக் கையால் உருவி விதை சேர்க்கிறார்கள். ஒரு செடியில் பாதியை விட்டுவிட வேண்டும் என்பது விதி. சேர்த்ததைக் காயவைத்துச் சலித்து, எந்த இடத்துக்கு எந்தக் கலவை என்று எடை போட்டுக் கலந்து, குளிர்காலம் முடிவதற்குள் தூவிவிடுகிறார்கள். நச்சூசாவில் சனிக்கிழமைகளில் இந்த வேலை நடக்கும். ஊர், மொழி, அனுபவம் எதையும் யாரும் கேட்பதில்லை. கையுறையும் தண்ணீர் பாட்டிலும் போதும். எந்தக் கதிர் எப்போது பழுக்கும், எதைத் தொடக் கூடாது என்பதை அங்கே பக்கத்தில் நின்று சொல்லித்தருவார்கள்.